கார் பேட்டரி செத்ததா, சார்ஜ் ஏறவில்லையா, எதுவோ குடிக்கிறதா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு வகை கார்கள் உண்டு. சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வண்டி இங்கே பூட்டிய வீட்டின் பின்பக்க ஷெட்டில் நிற்கும். கல்யாணம், படைப்பு என்று ஊருக்கு வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும். உடனே கடைக்குப் போன் போட்டுப் புது பேட்டரி மாட்டுவார்கள். அடுத்த விசேஷத்துக்கு வரும்போது மறுபடியும் அதே டிக் டிக்.

புது பேட்டரி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் நோய் மூன்றில் எது என்று முதலில் தெரிய வேண்டும். பேட்டரியே போய்விட்டதா? ஓடும்போது சார்ஜ் ஏறவில்லையா? நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றும் 10-ம் நம்பர் ஸ்பேனரும் போதும். மீட்டர் வாங்கும்போது டி.சி. கரண்டை 10 ஆம்பியர் வரை அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். இங்கே சொல்வதெல்லாம் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களின் 12 வோல்ட் பேட்டரிக்கு. ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர் பக்கம் கையை வைக்காதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும். அதனால் சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஷெட் கதவைத் திறந்து வையுங்கள். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அமிலம் பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியதோடு விடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்ட நொடியில் பெரிய தீப்பொறி பறக்கும்.

படி 1: சத்தத்தைக் கேளுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். லைட் மங்கி, வேகமாக டிக் டிக் டிக் என்று கேட்டால் பேட்டரி டவுன், இல்லாவிட்டால் டெர்மினல் லூஸ். ஒரே ஒரு டொக் சத்தம் வந்து, லைட் பளிச்சென்று அப்படியே இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் சந்தேகப்படுங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் எடுக்கவில்லை என்றால் பேட்டரி மேல் பழி இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சாவியைத் திருப்பியும் ஒரு விளக்குகூட எரியாவிட்டால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: டெர்மினலைப் பாருங்கள்

பானெட்டைத் திறந்து, பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளைப் (டெர்மினல்) பிடித்திருக்கும் இரண்டு கிளாம்பையும் கையால் திருகிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் தப்பு. வெள்ளையாகவோ பச்சையும் நீலமும் கலந்தோ பொடி பூத்திருந்தால் கிளாம்பைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துப் பொங்கும், அது நல்லதுதான், அமிலம் அடங்குகிறது. அந்தத் தண்ணீர் செல் மூடி வழியாக உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, ஈயம் பளபளவென்று தெரிந்ததும் கிளாம்பை இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். வண்டி இதிலேயே ஸ்டார்ட் ஆகிவிடுவதும் உண்டு. துருவையும் பேட்டரியையும் ஆராயும், 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் டெர்மினல் பொடியைப் பூத்தபடியே விட்டால் நன்றாகவா இருக்கும்?

மேலே திறக்கிற மூடிகள் வைத்த பேட்டரி என்றால் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். தகடு வெளியே தெரியக் கூடாது. குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் மேல் கோடு வரைதான். அமிலம் ஊற்ற வேண்டாம். முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் சமையலுக்கு அருமை, பேட்டரிக்கு வேண்டாம். இங்கே அடிக்கிற வெயிலுக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்பதால் சித்திரைக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

படி 3: நிற்கும்போது எத்தனை வோல்ட்

வண்டி ஓடி நின்றதும் அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். ஓடியபோது ஏறிய மேல் சார்ஜ் கணக்கைக் கூட்டிக் காட்டும். இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் அளப்பதுதான் சரி. அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிஷம் எரியவிட்டு அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து அளக்கலாம். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வையுங்கள்.

12.6-க்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 11.8-க்குக் கீழே போனால் காலி. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். அதனால் சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கமே நின்றால் ஒரு செல் செத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற வழியில்லை.

12.4-க்குக் குறைவாக இருந்தால் சார்ஜர் போட்டு ஏற்றிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். காலியான பேட்டரியைச் சோதித்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

படி 4: செல்ஃப் அடிக்கும்போது

மீட்டர் முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எண் சட்டென்று இறங்கும். 10-க்கு மேல் நின்றால் ஆள் திடமாக இருக்கிறார். நல்ல சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. 8, 7 என்று போனால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

படி 5: எஞ்சின் ஓடும்போது

வண்டி ஸ்டார்ட் ஆனதும் மறுபடி அளந்தால் பொதுவாக 13.8 முதல் 14.7 வரை காட்டும். ஹெட்லைட், ஏ.சி., பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டாலும் 13-க்குக் கீழே வரக் கூடாது. வந்தால், ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுற்றவைக்கும் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே தீர்க்கும். சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளப்பதுதான் நம்பகம்.

எஞ்சின் ஓடும்போது மைனஸைக் கழற்றிப் பார்த்து ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று சோதிப்பது அம்பாசிடர் காலத்துப் பழக்கம். இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட் எகிறி கம்ப்யூட்டரையே எரித்துவிடும். செய்யச் சொல்பவர் எவ்வளவு பெரிய அனுபவசாலியாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 6: யார் குடிக்கிறார்கள்

இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் நிறுத்தி வைத்தால் டவுன் ஆகிறது. நம் ஊர் ஷெட் வண்டிகளின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்.

சாவியை எடுத்துவிடுங்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லாக் கதவையும் சாத்துங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கும் ஃபியூஸ் பாக்ஸுக்குக் கதவைத் திறக்காமலே கை எட்டும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில் மாற்றிச் செருகி, குமிழையும் 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். மைனஸ் கிளாம்பைக் கழற்றி, சிவப்பு முனையைக் கிளாம்பிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் வையுங்கள். முதலைக் கிளிப் இருந்தால் கை வலிக்காது. இந்த நிலையில் சாவி போடுவதோ செல்ஃப் அடிப்பதோ கூடவே கூடாது. மலிவு மீட்டர்களில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸே இருக்காது.

முதலில் எண் பெரிதாகத்தான் இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி, சிலவற்றில் முக்கால் மணிகூட ஆகும். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் 0.05, அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குற்றமில்லை. 0.30 என்று நின்றால் திருடன் உள்ளே இருக்கிறான்.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பாருங்கள். ஒன்றைப் பிடுங்கியதும் 0.30 சட்டென்று 0.03-க்கு விழும். அந்த ஃபியூஸின் பெயரை மூடியில் பாருங்கள், குற்றவாளி அந்த வழியில் இருக்கிறான். பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோ, டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். கருவி, அணையாத டிக்கி விளக்கு, இவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டர் டையோடு கசியலாம். அது எலக்ட்ரீஷியன் வேலை.

முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்ற மறக்காதீர்கள். ஆம்பியர் ஓட்டையில் இருக்கும்போதே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் நேரடி ஷார்ட்.

குடிப்பவர் இல்லாமலும் டவுன் ஆகும்

சின்ன கார்கள் பலவற்றில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் சுமார் 35 மணி நேரம் வரும். நியாயமான 50 மில்லி ஆம்பியரே நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி தின்னும். மூன்று வாரத்தில் 25 போய்விடும், மிச்சத்தில் செல்ஃப் எடுப்பது கஷ்டம். 300 மில்லி ஆம்பியர் என்றால் நாலே நாளில் அந்தக் கதி. ஆக, மூன்று மாதம் நின்ற வண்டி டவுன் ஆனதற்குப் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. காலியாகவே கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் இறுகிப்போய் நல்ல பேட்டரியும் வீணாகும். பிள்ளையார்பட்டி வரை ஒரு நடை போய்வந்தால் நிரம்பிவிடும் என்பதும் நப்பாசை. டவுனான பேட்டரிக்கு மணிக்கணக்கில் சார்ஜ் வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது முழுக்க சார்ஜ் போட்டு மைனஸைக் கழற்றிவிடுங்கள். வெயிலில் அது தானாகவும் மெல்ல இறங்கும் என்பதால், சாவி வைத்திருக்கும் பங்காளியிடம் சொல்லி மாதம் ஒருமுறை சார்ஜர் மாட்டச் சொல்வது இன்னும் நல்லது. மைனஸ் கழன்றால் ரிமோட் வேலை செய்யாது, சாவியைக் கொண்டு பூட்ட வேண்டும். டிக்கியில் எடுக்க வேண்டியதை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், மின்பூட்டு உள்ள டிக்கி பேட்டரி இல்லாமல் திறக்காது.