பரணில் கிடைத்த மூதுரை: 19-ஆம் நூற்றாண்டுப் பிள்ளைகள் படித்ததைத் தேடும் வழி

மேலூர்ப் பக்கம் பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு மூதுரைப் புத்தகம் கிடைத்தது. அட்டை போயிருந்தது. கடைசித் தாளில் ஏதோ ஒரு பிள்ளை மையால் அ, ஆ எழுதிப் பழகியிருந்தது. அந்த எழுத்தைப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தத் தேடல். நீங்களும் தொடங்க விரும்பினால், நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

1. கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

பிள்ளைகளுக்கென்று என்ன அச்சிட்டார்கள் என்பது ஒரு கேள்வி. பிள்ளைகளிடம் உண்மையில் என்ன போய்ச் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் தேடுவது எளிது. ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள், மிஷன் பள்ளிகளின் வாசகப் புத்தகங்கள் என்று போகலாம். இரண்டாவதற்குத் திண்ணைப் பள்ளிக்குள் நுழைய வேண்டும்.

அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள், பிறகு ஓலைக்குப் போனார்கள். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி எல்லாம் மனப்பாடம். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் பள்ளியிலும் புகுத்தி, 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூலே வெளியிட்டார்.

ஆக, ஆத்திசூடி அச்சேறியபோது அது பிள்ளைகளுக்குப் புதிதல்ல. நாவில் இருந்ததுதான் தாளுக்கு வந்தது. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்ற, பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைப்பாட்டுகளான ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களையும் விட்டுவிடாதீர்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். பெரியவர்கள் மடியில் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். ‘சிறுவர் நூல்’ என்ற பெயரை மட்டும் தேடினால் இவையெல்லாம் கண்ணில் படாது.

2. முகப்புத் தாளைப் பொறுமையாகப் படியுங்கள்

இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்கலாம். இன்னார் இயற்றியது, இன்னாரால் பார்வையிடப்பட்டு, இன்னாரது அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று நீளமாக ஓடும். ஒவ்வொரு பெயரையும் நோட்டில் எழுதுங்கள். 1835-இல் அச்சகத்துக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு நம்மவர்களின் அச்சுக்கூடங்கள் பெருகின. அதனால் அச்சுக்கூடத்தின் பெயரே காலத்தைக் கணிக்க ஓரளவு உதவும்.

விலை அணாவில் இருக்கும். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை (தம்பிடி). ணை, லை, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. நாலு நாள் பழகினால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

ஆண்டில்தான் கவனம் வேண்டும். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பரணில் கிடைத்த மூதுரையில் ‘பவ வருஷம்’ என்று பார்த்து 1874 என்று குறித்துக்கொண்டேன். பல மாதம் அப்படியே நம்பியிருந்தேன். ஒருநாள் பின்பக்க விளம்பரத்தை வாசித்தால் பாரதியார் பாடல் புத்தகம் விற்பனைக்கு என்று இருக்கிறது. பாரதி பிறந்ததே 1882-இல். அப்படியானால் இது 1934-இல் வந்த பவ வருஷம். வருஷப் பெயரோடு இன்னொரு சான்றும் கிடைக்கும்வரை ஆண்டைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

3. பட்டியல்களோடு ஒப்பிடுங்கள்

ஜான் மர்டாக் தொகுத்த தமிழ் அச்சு நூல் பட்டியல் 1865-இல் வந்தது. அதன்பின் 1867-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டப்படி, சென்னை மாகாணத்தில் அச்சான புத்தகங்களைப் பதிந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிட்டார்கள். பக்கம், பதிப்பு, விலை, எத்தனை பிரதி என்பதெல்லாம் அதில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது பிரதிக் கணக்குதான். ஒரு நூல் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கலாம் என்று யோசிக்க அதைவிட நல்ல பிடிமானம் கிடையாது. ஒன்று மட்டும்: மர்டாக் மிஷனைச் சேர்ந்தவர். எந்த நூலையாவது அவர் மட்டமாகச் சொன்னால் அதை அவர் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. மதுரையில் எங்கே போகலாம்

வீட்டிலிருந்தே தொடங்குவதென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். நேரில் போக, 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மிஷன் பள்ளிகள் பற்றியென்றால் பசுமலை. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் இங்கே வந்தது, 1845 முதல் அதன் செமினரி பசுமலையில் நடந்தது. இன்னும் ஆழமாகப் போகும்போது சென்னை ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களால் உருவானது அது.

5. வயதானவர்களிடம் கேளுங்கள்

“இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். என் பெரியம்மாவுக்கு எழுத வராது. கொன்றை வேந்தனைக் கடகடவென்று சொல்வார். அவருடைய அப்பத்தா அம்மியில் அரைத்தபடியே சொல்லிக்கொடுத்தாராம். 1860-களுக்கு இது சான்றாகாது. ஆனால் புத்தகம் தொடாத ஒரு பிள்ளையிடம் பாடம் எப்படி வந்து சேரும் என்று காட்டுகிறது. அனுமதி கேட்டு, குரலைப் பதிவு செய்து, நாளையும் ஊரையும் குறித்து வையுங்கள்.

முதல் கட்டுரைக்கு ஒரே ஒரு புத்தகம் போதும். முகப்புத் தாள், விலை, பிரதிக் கணக்கு, ஓரத்தில் யாராவது கிறுக்கியிருந்தால் அதன் படம். என் மூதுரை 20-ஆம் நூற்றாண்டுப் புத்தகம்தான் என்று தெரிந்துவிட்டது. அந்த அ, ஆ எழுதிய பிள்ளை யார் என்று பெரியம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.