பாசார் செனியில் இறங்கினால்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கோலாலம்பூர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலோர் இரட்டைக் கோபுரத்துக்குப் போய்ப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். கோபுரம் எங்கும் ஓடிப்போகாது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாசார் செனி நிலையத்துக்குப் போங்கள். கோவில், சாப்பாடு, பணம் மாற்றும் கடை, சேலைக்கடை, பத்துமலைக்கு ரயில் என்று புதிதாக வந்தவருக்கு வேண்டிய பாதி விஷயம் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

இங்கே இரண்டு நிலையங்கள் ஒட்டி நிற்கின்றன. மேலே பாலத்தில் ஓடுவது கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி நகர ரயில், 1998-இல் வந்தது. தரைக்குக் கீழே ஓடுவது காஜாங் தடத்து எம்ஆர்டி, 2017 ஜூலை 17-இல் திறந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கேட்டுக்கு வெளியே வரவே கூடாது. உள்ளுக்குள்ளேயே எஸ்கலேட்டர் வழி இருக்கிறது. வெளியே வந்து திரும்ப நுழைந்தால் இரண்டு தனிப் பயணமாகக் கணக்காகி, காசு கூடப் போகும்.

அடுத்த நிலையமான மூசியம் நெகாராவில் நிலைமை தலைகீழ். அங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நடைபாதை உண்டு, ஆனால் கேட்டைத் தாண்டி வெளியே வந்துதான் போக வேண்டும். பெட்டி படுக்கையோடு கேஎல் சென்ட்ரலிலிருந்து வருகிறவர்கள் அந்த நடையை ஏன் நடக்க வேண்டும்? அங்கேயே எல்ஆர்டி ஏறினால் பாசார் செனி அடுத்த நிறுத்தம்.

அட்டையில் காசு, போனில் காசு

டச் என் கோ அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எம்ஆர்டி, எல்ஆர்டி, கேடிஎம் என்ற புறநகர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டிவிட்டுப் பின்னால் வருகிறவரிடம் நீட்டினால் கேட் திறக்காது.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. போனில் இருக்கும் டச் என் கோ பணப்பையும் கையில் இருக்கும் அட்டையும் ஒரே பெயர், ஆனால் இரண்டிலும் இருக்கும் பணம் தனித்தனி. போனில் நூறு வெள்ளி இருக்கும், அட்டையில் எண்பது காசு இருக்கும், கேட் சிவப்பு காட்டும், பின்னால் வரிசை நிற்கும். (வெள்ளி என்றால் ரிங்கிட்தான், இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.) புது வகை அட்டையாக இருந்தால் போனின் பின்புறம் ஒட்டிப் பிடித்து, செயலியிலிருந்தே அட்டைக்குப் பணம் ஏற்றலாம். பழைய அட்டைக்கு அது நடக்காது, நிலையத்து இயந்திரத்திலோ செவன் இலெவன் கடையிலோ ஏற்ற வேண்டும். கடையில் சிறு கட்டணம் பிடிப்பார்கள். எப்போதும் பத்து வெள்ளி கிடக்கட்டும்.

மாதம் ஐம்பது வெள்ளிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்று கூட வேலை செய்பவர் ஒரு பாஸைக் காட்டுவார். மை50 என்ற அந்தப் பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். வேலை பெர்மிட்டில் இருப்பவருக்குக் கிடைக்காது, கவுண்டரில் நின்று வாதாட வேண்டாம்.

இன்னொன்று: பாஸ்போர்ட்டையோ பெர்மிட் அட்டையையோ அசலாகக் கையில் வைத்திருங்கள். பக்கத்திலுள்ள கோத்தாராயா, ஜாலான் சிலாங் பக்கம் (ஜாலான் என்றால் சாலை) ஞாயிற்றுக்கிழமை நேபாளி, வங்காளதேசி, பர்மாத் தொழிலாளர் கூட்டம் அலைமோதும். குடிநுழைவுத் துறைச் சோதனை அங்கே புதிதல்ல. போனில் இருக்கும் படம் அந்த நேரத்தில் உதவாது.

கோவில் தெரு

நிலையத்திலிருந்து ஜாலான் துன் எச்.எஸ்.லீ பக்கம் நடந்தால் சில நிமிடத்தில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில் ராஜகோபுரம் தெரியும். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது, முதலில் அவர் குடும்பக் கோவிலாக இருந்து பிறகு பொதுமக்களுக்குத் திறந்தது. பத்துமலைக் கோவிலுக்கு வழி வகுத்தவரும் அவரே. தைப்பூசத்தையொட்டி முருகனின் வெள்ளி ரதம் இரவில் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும். அன்று சுற்றியுள்ள சாலைகளை மூடிவிடுவார்கள். காரை மறந்துவிட்டு ரயிலில் வருவதே புத்தி. பூமாலைக் கடைகள் கோவிலை ஒட்டியே இருக்கின்றன, செருப்பு வைக்கச் சில்லறை எடுத்து வாருங்கள்.

அதே தெருவில் எதிர்ப்பக்கம் சீனர்களின் குவான் டி கோவில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி லெபோ பூடு பக்கம் சின் சே சி யா கோவில், 1864-இல் அக்காலச் சீனர் தலைவர் யாப் ஆ லோய் கட்டியது, நகரின் மிகப் பழைய சீனக் கோவில்களில் ஒன்று. இரண்டிலும் யாரும் உள்ளே போகலாம். ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும், அவ்வளவுதான்.

சாப்பாடு: கேட்டுவிட்டுக் கை வையுங்கள்

சென்ட்ரல் மார்க்கெட்டுக்கு எதிரே ஜாலான் ஹாங் கஸ்தூரியில் யூசோப் டான் சாகிர் என்ற மாமாக் கடை இருக்கிறது. மாமாக் கடை என்றால் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடை. முதல் சாப்பாட்டுக்கு அது நல்ல இடம், தமிழிலேயே கேட்கலாம். பரிமாறுபவர் வங்காளதேசியாகவோ இந்தோனேசியராகவோ இருந்தால் மட்டும் மலாய் வேண்டும்.

முதலில் குடிக்க என்ன என்பார்கள். 'தே' என்றால் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். சீனி போடாதீர்கள் என்று சொன்னாலும் இனிக்கத்தான் செய்யும், ஏனென்றால் இனிப்பே அந்த டின் பாலில் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் 'தே ஓ கோசோங்' கேட்க வேண்டும்: பாலும் இல்லை, சீனியும் இல்லை. வெறும் 'தே ஓ' என்றால் சீனி உண்டு. வெந்நீருக்கு 'ஆயேர் சுவாம்'. ஊரைப்போல இலவசமாக மேசைக்கு வராது, அதற்கும் சில காசு பில்லில் ஏறும்.

நாசி கண்டார், அதாவது பல குழம்பு ஊற்றிய சோறுதான் காசைக் கரைக்கும். கண்ணாடிக்குப் பின்னால் குழம்பும் கறியும் தட்டுத் தட்டாக இருக்கும், விலைப் பலகை பல கடைகளில் இராது. சோறு, ஒரு துண்டு கோழி, ஒரு காய் என்றால் அடக்கமாக முடியும். கணவாய், பெரிய இறால், மீன் முட்டை, மீன் தலை என்று விரல் நீட்டினால் விலை இரண்டு மடங்கு மூன்று மடங்காகும். தட்டில் விழுந்த பிறகு திருப்பி வைக்க மாட்டார்கள். கரண்டி தூக்கும் முன்பே "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குழம்பெல்லாம் கலந்து சோறு மூழ்க வேண்டுமானால் 'பஞ்சிர்' என்று ஒரு சொல் போதும். அதற்குத் தனிக்காசு இல்லை. பொட்டலமாக வேண்டுமானால் 'பூங்குஸ்'. எழுந்து போகும்போது கல்லாவில் பணம் கொடுக்க வேண்டும். பெரிய கடைகளில் ஆறு விழுக்காடு சேவை வரி சேரும். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை.

சைவக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இங்கே அசைவம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். கங்கோங் கீரைப் பொரியலில் பெலாச்சான் இருக்கும், அது இறாலை அரைத்துக் காயவைத்த விழுது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி. பொரித்த காய்கறியில் சிப்பிச் சாறு. பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குத் தரும் பருப்பு சில கடைகளில் வெறும் பருப்பல்ல, ஆட்டெலும்பு போட்ட தால்ச்சா. மாவில் முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு, சேர்க்காவிட்டாலும் முட்டை ரொட்டி போட்ட அதே கல்லில்தான் உங்கள் ரொட்டியும் வேகும். "சைவமா?" என்று கேட்டால் "ஆமா, காய்தான்" என்பார்கள். காய் என்பது உண்மை, நெத்திலி அவர் கணக்கில் கறியாக வராது. அதனால் பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "தா மாவ் ஈக்கான் பிலிஸ், தா மாவ் பெலாச்சான், தா மாவ் தெலுர்." நெத்திலி வேண்டாம், பெலாச்சான் வேண்டாம், முட்டை வேண்டாம். இவ்வளவு தொல்லை வேண்டாம் என்றால் லெபோ அம்பாங், மஸ்ஜிட் இந்தியா பக்கத்துத் தமிழ்ச் சைவக் கடைகளைத் தேடிக்கொள்ளுங்கள், பத்துப் பதினைந்து நிமிட நடை. சீனச் சைவக் கடைகளில் வெங்காயம் பூண்டுகூட இல்லாமல் சமைப்பது வழக்கம். தட்டில் கோழி மாதிரி, மீன் மாதிரி கிடப்பது சோயாவும் கோதுமைப் புரதமும்தான், பார்த்து மிரள வேண்டாம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு: 'டாகிங்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் பெரும்பாலும் மாடு. ஆடு என்றால் 'காம்பிங்' என்று தனியாக எழுதியிருக்கும். கரிபாப் என்ற பொரித்த பலகாரம் வாங்கும்போதும் உள்ளே என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டாலிங் ஸ்ட்ரீட் சீனர் தெரு. ஹலால் பார்ப்பவர்களும் பன்றி சாப்பிடாதவர்களும் அங்கே வறுத்த மீயிலிருந்து (மீ என்றால் நூடுல்ஸ்) விலகியே இருப்பது நல்லது. கறுப்புச் சோயாவில் புரட்டும் ஹொக்கியன் மீயின் மணமே பன்றிக் கொழுப்பில்தான் இருக்கிறது, அது இல்லாமல் போடச் சொன்னால் சமையற்காரர் முகத்தைச் சுளிப்பார். பன்றி சாப்பிடுபவர்களுக்கு 1927 முதல் நடக்கும் கிம் லியான் கீ கடை இருக்கிறது. ஜாலான் ஹாங் லெகிர் முனையில் விற்கும் 'ஆயேர் மாத்தா கூச்சிங்' யாரும் குடிக்கலாம். உலர்ந்த லொங்கான் பழம் போட்டுக் காய்ச்சிய குளிர்ந்த பானம், உச்சி வெயிலுக்கு அதைவிட நல்லது இந்தத் தெருவில் கிடைக்காது. பிராண்டுப் பெயர் ஒட்டிய கைப்பை, கடிகாரம் எல்லாம் போலி என்பதைத் தெரிந்தே பேரம் பேசுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணியை ஒட்டி ஜும்ஆ தொழுகை. மாமாக் கடைகளில் ஆள் குறையும், சிலது மூடியே இருக்கும். பன்னிரண்டுக்கே சாப்பிட்டுவிடுங்கள். நோன்பு மாதத்தில் பகலில் மலாய்க் கடைகள் பெரும்பாலும் அடைப்பு. மாலை நான்கு மணிக்கு மேல் மஸ்ஜிட் இந்தியாவில் நோன்புச் சந்தை களைகட்டும்.

வடக்கே நடந்தால்

சென்ட்ரல் மார்க்கெட் 1888-இல் காய்கறி, மீன் சந்தையாகத் தொடங்கியது. இப்போதுள்ள நீலக் கட்டடம் 1930களின் கடைசியில் கட்டியது. இன்று கைவினைப் பொருள் கடைகள், விலை சுற்றுலாப் பயணிகளுக்கானது. ஏசியில் வியர்வை ஆற ஒரு சுற்று வரலாம், ஊருக்குப் பரிசு வாங்க இது இடமல்ல.

அங்கிருந்து ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேருமிடம். நடுவில் நிற்கும் மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் 1909-இல் கட்டியது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், அதற்கு எதிரே 1957-இல் பிரிட்டிஷ் கொடியை இறக்கிய சுதந்திரத் திடலான டத்தாரான் மெர்டேக்கா. இந்த மூன்றையும் இரவு விளக்கில் பார்ப்பதே அழகு. பகலில் திடலில் நிழலே கிடையாது.

லெபோ அம்பாங் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்த தெரு. பழைய கடைவீடுகளில் இன்று பணம் மாற்றும் கடைகள் நிறைய. இரண்டு மூன்று பலகையைப் பார்த்த பிறகே மாற்றுங்கள். ஊருக்கு அனுப்புவதானால் விலையை மட்டும் பார்க்காமல் கட்டணத்தையும் கழித்து, கையில் எத்தனை ரூபாய் சேரும் என்று கேளுங்கள். விலை நன்றாக இருக்கும் கடை கட்டணத்தில் பிடித்துக்கொள்ளும். மஸ்ஜிட் இந்தியாவில் சேலை, பூஜைச் சாமான், ஊர் மளிகை. சனிக்கிழமை மாலையில் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை. பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், சாலையோரம் நடக்கும்போது போனைக் கையில் தொங்கவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு.

மதியம் மூன்றுக்கு மேல் இடியோடு மழை பிடிக்கும் ஊர் இது. குடை இல்லாவிட்டால் கடைகளின் முன் ஓடும் கூரை நடை, 'காக்கி லீமா', கைகொடுக்கும். ஆனால் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், ஈரத்தில் ஓடுகல் வழுக்கும்.

பத்துமலைக்கு

பலர் கேஎல் சென்ட்ரலுக்குத் திரும்பிப் போய் ரயில் ஏறுகிறார்கள், தேவையில்லை. பாசார் செனி எல்ஆர்டி நிலையத்திலிருந்து ஆற்றைத் தாண்டும் நடைபாலம் ஒன்று 1910-இல் கட்டிய பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடும். அங்கே கேடிஎம் கொம்யூட்டர். இது வேறு கேட், மறுபடி அட்டை தட்ட வேண்டும். ரயில் எல்ஆர்டி போல நினைத்தவுடன் வராது, அரை மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். கிளம்பும் முன்பே நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே தண்டவாளத்தில் தஞ்சோங் மாலிம் ரயிலும் வரும். முகப்பில் 'பத்து கேவ்ஸ்' என்று இருப்பதைப் பார்த்து ஏறுங்கள். தவறி ஏறிவிட்டால் பதற்றம் வேண்டாம், புத்ரா நிலையம் வரை இரண்டுக்கும் ஒரே பாதை, அங்கே இறங்கி அடுத்ததைப் பிடிக்கலாம். அதைத் தாண்டி செகாம்புட் என்று அறிவிப்பு வந்தால் எதிர்த்திசை ரயிலில் திரும்ப வேண்டியதுதான்.

272 படி, 42.7 மீட்டர் முருகன் சிலை. காலை ஒன்பதுக்குள் ஏறிவிட்டால் வெயிலும் கூட்டமும் குறைவு. பழம், பிளாஸ்டிக் பை எதையும் கையில் தெரியும்படி கொண்டுபோகாதீர்கள், குரங்கு பிடுங்கும். முட்டிக்கு மேல் நிற்கும் உடையில் வந்தால் வாசலிலேயே துணி வாடகைக்கு எடுத்துச் சுற்றிக்கொள்ள வேண்டிவரும்.

திரும்பும்போது ஆண்கள் கவனிக்க: கொம்யூட்டரின் நடுப்பெட்டி பெண்களுக்கு மட்டும். இளஞ்சிவப்புப் பலகை கதவருகே ஒட்டியிருக்கும். காலியாக இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள். குடும்பமாக வந்தால் முன்பெட்டியிலோ கடைசிப் பெட்டியிலோ சேர்ந்து ஏறுங்கள்.