பிள்ளை ‘ஒரு மாதிரி’ ஆகிவிட்டானா? மனச்சிதைவைத் தொடக்கத்திலேயே கவனிக்க

முதலில் ஒரு நோட்டு எடுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே “எப்போதிலிருந்து?” என்பதுதான், நாமோ “கொஞ்ச நாளாவே” என்று இழுப்போம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பாலிடெக்னிக்கில் படித்த தம்பி ராத்திரியெல்லாம் விழித்திருந்தான், நண்பர்களை விட்டான், குளிப்பதையும் விட்டான். அம்மா படிப்புச் சுமை என்றார், அப்பா கேம் விளையாடிக் கெட்டான் என்றார், நான் காதல் தோல்வி என்று நினைத்தேன். பக்கத்து பிளாக்கிலிருந்து யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொன்னபோது ஏறக்குறைய ஒரு வருடம் போயிருந்தது.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி போட்டு, பார்த்ததை மட்டும். தூக்கம் எப்படி மாறியது, மதிப்பெண் எப்போது சரிந்தது, பேச்சு கோர்வையில்லாமல் போகிறதா, யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகப்படுகிறானா, தன் பெயரைக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது என்கிறானா. அறைக்குள்ளேயே கிடக்கும் பதினேழு வயதுப் பையன் இந்தச் சிங்கப்பூர்த் தீவில் வீட்டுக்கு ஒருவன் இருப்பான், அதனால் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன வருடம் இவனே எப்படி இருந்தான் என்பதுதான் கணக்கு.

உடனே “நம்ம பரம்பரையில்...” என்று ஆரம்பித்துவிடுவார்கள். இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது என்று வெளிப்படும் இந்த மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா) பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவு. அப்படியானால் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதில்லை. மரபணு மட்டும் காரணமில்லை, கர்ப்ப காலத்துக்கும் பங்குண்டு: 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களிடம் இந்த நோய் சுமார் இரண்டு மடங்கு காணப்பட்டது. ஆகவே வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருந்தால் நன்றாகச் சாப்பிடுகிறாளா, பரிசோதனைகளை விடாமல் போகிறாளா என்று பாருங்கள். அதற்குமேல் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மீன் எண்ணெய் மாத்திரை தடுக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2010-இல் வெளியான வியன்னாவின் சிறிய ஆய்வு நம்பிக்கை கொடுத்தது உண்மை, பின்னால் வந்த பெரிய ஆய்வில் அது நிற்கவில்லை. கஞ்சா வேறு விஷயம். பதின்ம வயதில், அதுவும் வீரியம் அதிகமானதை அடிக்கடி எடுத்தால் ஆபத்து கூடுகிறது, ஏற்கெனவே குடும்பத்தில் நோய் இருந்தால் இன்னும் மோசம். இங்கே சட்டம் கடுமை, வெளிநாட்டில் எடுத்தாலும் சிங்கப்பூரர்களுக்குக் குற்றம்தான். ஆனால் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளையிடம் தண்டனையைப் பற்றிப் பேசுவதைவிட மூளையைப் பற்றிப் பேசுவது நல்லது.

ஆண்களுக்கு இது பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள் தலைகாட்டும், அதாவது சரியாகக் கட்டாயத் தேசிய சேவைக்கு (ராணுவம் போன்றவை) போகும் வயது. முன்பே அறிகுறி இருந்தால் சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். “ரெக்கார்டுல ஏறிடும், நாளைக்கு யார் பொண்ணு கொடுப்பா” என்று அத்தை சொல்வார். சொல்லட்டும்.

அப்புறம், எங்கே போவது? வயது 16 முதல் 30 வரை என்றால் மனநலக் கழகத்தின் (IMH) ‘சாட்’ (CHAT) என்ற இளையர் ஆலோசனைச் சேவை இருக்கிறது, கட்டணம் இல்லை, பேசுவது வெளியே போகாது. கழகத்தின் பழைய பெயரான உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்பதைக் கேட்டாலே நடுங்கும் நம் பெரியவர்களுக்கு இது கொஞ்சம் சுலபமான வாசல். நோய் இன்னும் முற்றாத, ஆபத்து அறிகுறி மட்டும் உள்ளவர்களுக்கென்று 2008-இலிருந்து ‘ஸ்வாப்’ (SWAP) திட்டமும், முதல் முறை நோய் வெளிப்பட்டவர்களுக்கு 2001-இலிருந்து ஒரு தனித் திட்டமும் கழகத்தில் நடக்கின்றன. இரவில் நிலைமை மோசமானால் கழகத்தின் உதவி எண் 6389 2222, உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

ஆபத்து அறிகுறி இருக்கிறது என்று டாக்டரே சொன்னாலும் இடிந்துபோகாதீர்கள். அப்படிப்பட்டவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் மூன்று ஆண்டுகளில் முழு நோயாக மாறுகிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் மாத்திரையில் தொடங்கமாட்டார்கள்: பேச்சுவழிச் சிகிச்சை, தூக்கத்தைச் சரிசெய்வது, படிப்பை விடாமல் பார்ப்பது, இவைதான்.

கோயிலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீரமாகாளியம்மனிடம் வேண்டிக்கொள்ளுங்கள், அப்படியே அப்பாயின்ட்மென்ட்டும் எடுங்கள். கயிறு கட்டி, எலுமிச்சை சுற்றி, செய்வினை எடுக்கிறேன் என்று ஒருவர் எங்களிடம் மூன்று மாதம் பணம் வாங்கினார். பணம் போனதுகூடப் பரவாயில்லை, அந்த மூன்று மாதம்தான் இன்னும் வலிக்கிறது.

பேசும்போது “அப்படி எந்தக் குரலும் இல்லை” என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். “உனக்குத் தூக்கமே இல்லையே, அதுக்காவது ஒருத்தரைப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். தம்பி ஒத்துக்கொண்டது இந்தக் கேள்விக்குத்தான். முதல் சந்திப்பில் பிள்ளை தனியாகவே உள்ளே போகட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். நோட்டை அவனுக்குத் தெரியாமல் கொடுக்காமல், அவனிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.