செட்டிநாட்டுத் தெருக்களில் எம்340ஐ

வேகமான சொகுசு செடானைக் காரைக்குடிப் பக்கம் வைத்துக்கொள்ள முடியுமா? தாராளமாக முடியும், சில பழக்கங்கள் வேண்டும். நான் ஓட்டுவது பிஎம்டபிள்யூ எம்340ஐ. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். புறவழிச்சாலையில் ஒரு மிதி மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் மற்றதெல்லாம்.

முதலில் டயர். என் வண்டியில் ரன்-ஃபிளாட், ஸ்டெப்னி இல்லை. இந்த வகை டயரில் காற்று முழுக்க இறங்கினாலும், வேகம் 80-ஐத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம். ஆனால் காரைக்குடியிலிருந்து திருச்சியும் சரி, மதுரையும் சரி, அதைவிடத் தூரம். அதனால் டிக்கியில் பங்க்சர் கிட்டும் காற்றடிக்கும் சின்ன பம்பும் எப்போதும் இருக்கட்டும். காற்றைக் காலையில், வண்டியை எடுக்கும் முன்பே பாருங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டாதீர்கள், டயரை மாற்றிவிடுங்கள்.

கானாடுகாத்தான் மாதிரி ஊர்களுக்குள் கம்ஃபர்ட் மோடே, அதாவது வண்டி மென்மையாக ஓடும் அமைப்பே, போதும். உயரமான வேகத்தடையில் நேராக ஏறாமல் சற்றுச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

செம்மண் தூசியை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, பெயிண்டில் கீறல் விழும். தண்ணீர் அடித்த பிறகுதான் துணி.

அப்புறம் பெரியவர்கள். சீட் ரொம்பத் தாழ்வு. எங்கள் அப்பத்தா முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே வைப்பார். கதவு முழுசாகத் திறக்கும்படி வாசற்படியிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். இறங்கும்போது கைகொடுக்க ஒரு ஆள் நிற்கட்டும்.