ஆறகழூர்க் கல்வெட்டில் கொடையாளியைத் தேடுவது எப்படி?

சேலம் மாவட்டம் ஆறகழூர், மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர் என்ற குறுநிலத் தலைவர்களின் தலைநகர். அங்கே காமநாதீசுவரர் கோயிலில் கல்வெட்டு படிக்கப் போகிறவர்கள் சோழ மன்னன் பெயரைக் கண்டதும் 'ராஜா கொடுத்தது' என்று குறித்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் மன்னன் பெயர் வருவது பெரும்பாலும் காலம் காட்டத்தான். கொடுத்தவர் குறுநிலத் தலைவராகவோ வணிகராகவோ இருக்கலாம்; அந்தப் பெயர் பிறகுதான் வரும்.

வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். நிழலில் இருக்கும் சுவருக்கு டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து குழியாகத் தெரியும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது. மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் படி) எடுக்க அனுமதி வேண்டும்.

எழுத்தில் புள்ளி அநேகமாக இருக்காது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் ஒன்றுபோலவே இருக்கும். வரி ஒரு கல்லோடு முடியாமல் அதிட்டானம் (சுவரின் அடித்தளம்) நெடுக ஓடும். அதனால் கல்கல்லாகப் படிக்காமல் வரியைப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

அடுத்து 'யாண்டு'. அது ஆட்சியாண்டு. 1178-இல் பட்டமேறிய மூன்றாம் குலோத்துங்கனின் 25-ஆம் ஆண்டு என்றால் 1178-உடன் 24-ஐக் கூட்டி, 1202-ஐ ஒட்டிய காலம் என்று கொள்ளலாம். குலோத்துங்கன் என்ற பெயரில் மூவர் உண்டு. 'மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய' என்ற அடைமொழி வந்தால் மூன்றாமவன். பாண்டியர் கல்வெட்டில் '5-ன் எதிர் 3' என்றால் கூட்டி 8-ஆம் ஆட்சியாண்டு.

பலர் சறுக்குவது எண்ணில். ௨௰௫ என்பது 25. இரண்டு பத்து, ஐந்து. ௰ பார்வைக்கு 'ய' போலவே இருப்பதால் எழுத்தென்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். அணையாமல் எரியும் நொந்தா விளக்குக்கான கொடையில் ௯௰௬ வந்தால் 96 ஆடு. சோழர் காலத்தில் ஒரு விளக்குக்கு வழக்கமான கணக்கு அது. அதற்கு ஈடாக ஆடு பெற்றவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்; நான்கு உழக்கு ஒரு நாழி. 'சாவா மூவாப் பேராடு' என்பது எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளும் நிபந்தனை. ஆடு சாகாது என்று பொருளல்ல!

நிலக்கொடையானால் 'தேவதானம்' (கோயிலுக்குக் கொடுத்த நிலம்), 'இறையிலி' (வரி நீக்கிய நிலம்) என்ற சொற்களைத் தேடுங்கள். நிலம் ஒருவர் கொடுத்து, வரியை மட்டும் வேறொருவர் நீக்கியிருக்கலாம். இருவரையும் தனித்தனியே குறியுங்கள்.

சிவன் கோயிலில், கொடையைச் சிவனடியார்கள் காக்க வேண்டும் என்னும் 'பன்மாஹேசுவர ரட்சை' வந்தால் பெரும்பாலும் வாசகம் முடிந்தது. அது வராமல் வரி அறுந்தால் மூலை திரும்பிப் பாருங்கள். அங்கும் இல்லையா, படியையும் தரையையும் பாருங்கள். திருப்பணியில் கல் இடம் மாறியிருக்கும், சில நேரம் தலைகீழாக.