முதல் பருவத்தில் அரியர் விழாமல் படிப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவர், முதல் பருவத் தேர்வு முடிவில் இரண்டு தாள்களில் அரியர் என்று பார்த்ததும், தனக்குக் கல்லூரிப் படிப்பு ஏறாது என்று முடிவு கட்டிவிடுகிறார். பள்ளியில் கைகொடுத்த படிக்கும் முறை கல்லூரியில் கைவிட்டுவிட்டது என்பதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். பள்ளியில் காலை ஏழரை மணிக்கே சிறப்பு வகுப்பு வைத்து, வாரத் தேர்வு நடத்தி, முக்கிய வினாக்களைக் குறித்துக் கொடுத்து, மாணவர் மறக்கும் முன் ஆசிரியரே மறுபடி மறுபடி கேட்டுவிடுவார். கல்லூரியில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. முதல் இன்டர்னல் தேர்வு வரும்போது ஒன்றரை அலகு நடந்து முடிந்திருக்கும்; நோட்டில் எழுதியது யாருடைய கையெழுத்து என்றே சந்தேகம் வரும்.

இதை நான் அடுத்தவரைப் பார்த்துச் சொல்லவில்லை. முதல் பருவத்தில் துணைப்பாடமான கணிதத்தில் தோற்றவன் நான். தேர்வுக்கு முந்தைய வாரம் நோட்டை ஆறு முறை வாசித்தேன். ஒவ்வொரு கணக்கின் அடுத்த வரியும் கண்ணுக்குத் தெரிந்தது. தேர்வு அறையில் வெற்றுத்தாளின் முன் உட்கார்ந்தபோது இரண்டாவது வரிக்கு மேல் கை நகரவில்லை. அடுத்தவர் போட்ட கணக்கைப் பார்த்துத் தலையாட்டுவதும், அதைத் தானே போடுவதும் வேறு வேறு வேலைகள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

மூடிவைத்துவிட்டு எழுதிப் பாருங்கள்

ஆகவே முதலில் பழக வேண்டியது, படித்த பக்கத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. இது நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் ஒப்பித்ததைப் போன்ற வேலை என்று தோன்றலாம், ஓரளவு அப்படித்தான். ஆனால் சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டியதில்லை. கருத்தை உங்கள் சொற்களில் வெளியே எடுத்தால் போதும். ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, அடுத்த முறை அதைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: படித்து மட்டும் வைத்தவர்களுக்கு ஏறக்குறைய 42 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய 56 விழுக்காடும் நினைவில் இருந்தன. திரும்பத் திரும்ப வாசிப்பவருக்கு அன்றிரவே எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற நிறைவு வருகிறது. அந்த நிறைவை நம்பித்தான் பலர் ஏமாறுகிறோம்.

செய்முறையை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். வரலாறு படிக்கும் மாணவருக்கு, ஆங்கிலேயர் காலத்து நில வரி ஏற்பாடான ரயத்துவாரி முறை என்றொரு பாடம் வரும். வகுப்பு நடந்த அன்று மாலையே ஒரு கோடு போட்ட தாளை நீளவாக்கில் மடித்து, இடப்பக்கம் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு எந்த உடன்படிக்கையால் வந்தது? அங்கே நில வரியை ஒழுங்குபடுத்த யார் அனுப்பப்பட்டார்கள்? ஜமீன்தாரி முறையிலிருந்து இது எதில் வேறுபட்டது? விளைச்சல் பொய்த்த ஆண்டில் விவசாயி என்ன ஆனார்? பிறகு நோட்டை மூடிவிட்டு வலப்பக்கத்தில் விடை எழுதுங்கள். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும். இடையில் ஜமீன்தார் இல்லாமல் பயிரிடுபவரிடமே நேரடியாக வரி என்று மூன்று கேள்விகளுக்கு விடை வந்துவிடும். நான்காவதில் பேனா நின்றுவிடும். அந்த நின்ற இடம்தான் அன்றைக்கு நீங்கள் படிக்க வேண்டிய இடம். நோட்டைத் திறந்து அதை மட்டும் பார்த்து, வேறு நிற மையில் எழுதி வைத்தால், தேர்வுக்கு முந்தைய நாள் முழு நோட்டையும் புரட்டாமல் அந்த நிறத்தை மட்டும் தேடிப் படிக்கலாம்.

இந்தப் பாடத்தில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. பாராமகால் என்பது வேறெங்கோ இருக்கும் நாடில்லை; இன்றைய கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பகுதிதான். 1820-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து ரயத்துவாரியைப் பரவலாக்கிய மன்றோ, அதற்கு முன் 1792 முதல் 1799 வரை வரி வேலை கற்றுக்கொண்டது நம் ஊர்க் காடுகழனிகளில். உங்கள் தாத்தா பத்திரமாக வைத்திருக்கும் பட்டாவை ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன்பின் அந்தப் பாடம் மறக்காது. வேதியியல் மாணவருக்கும் இதுபோல் ஒன்று உண்டு. தருமபுரி மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் பெரியவர்களின் பற்களில் காணும் பழுப்புக் கறைக்கு நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு காரணம். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகிறது, ஃபுளோரைடு ஏன் போவதில்லை என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நீர் ஆவியாகிப் போக, கரைந்திருக்கும் உப்பு அப்படியே தங்கிச் செறிவு கூடுகிறது என்ற விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டால், கரைசலின் செறிவு பற்றிய வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

பேருந்தில் போகும் இரண்டு மணி நேரம்

பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நிறுத்தங்களில் நின்று போகும் பேருந்தில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், வாரம் ஐந்து நாளுக்குப் பத்து மணி நேரம் ஆகிறது. அரூர்ப் பக்கத்திலிருந்தும் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு இதைவிடக் கூடுதல். வீட்டுக்குப் போனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், தை மாசி வந்தால் புளி உடைக்க உட்கார வேண்டும், மாங்காய்க் காலத்தில் தோப்புக்குப் போக வேண்டும் என்ற நிலையில், படிப்புக்கென்று எடுத்துவைத்த நேரமாக இந்தப் பத்து மணி நேரத்தைத்தான் பலர் சொல்ல முடியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது புத்தகம் விரிக்க முடியாது என்பது உண்மை. அதற்குத்தான் மடித்த தாள். சட்டைப்பையில் ஒன்றை வைத்துக்கொண்டு, இடப்பக்கத்துக் கேள்வியை ஒரு கண் பார்த்துவிட்டு, விடையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து, பிறகு திருப்பிச் சரிபார்க்கலாம். அதற்கு ஒரு கை போதும்.

எந்தத் தாளை எப்போது எடுப்பது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1885-இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறதியின் வேகத்தை அளந்து வெளியிட்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மிக வேகமாக நடக்கிறது. அதன்பின் மெல்ல இறங்குகிறது. பொருளுள்ள பாடம் அவ்வளவு விரைவில் மறக்காது என்றாலும் போக்கு அதுவே. எனவே அன்று மாலை ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, மாதம் முடியும்போது ஒரு முறை என்று ஒரே தாளை இடைவெளி விட்டு எடுங்கள். ஒரே இரவில் நான்கு முறை படிப்பதற்கும் இதற்கும் செலவாகும் நேரம் ஒன்றே. தாளின் மேல் மூலையில் தேதியைக் குறித்து வந்தால் போதும். அதற்கென்று செயலி எதுவும் தேவையில்லை. சொல்லப்போனால், கைப்பேசியைப் படிக்கும் இடத்திலிருந்து எடுத்துப் போய் அடுத்த அறையில் வைப்பது எந்தச் செயலியையும்விடப் பயன்படும்.

தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழிக்கு வந்தவர்கள்

இவர்களுக்குச் சுமை இரட்டிப்பு: பாடமும் புதிது, மொழியும் புதிது. முதல் மாதத்தில் பலர் செய்யும் பிழை, ஆங்கில வரிகளைப் பொருள் தெரியாமலே உருப்போடுவது. கருத்தை முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள்; பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூல்களை எடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருந்தால் அவை மிகவும் உதவும். கருத்து பிடிபட்டபின் அந்தப் பாடத்தின் கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் தனியே எழுதிப் பழகுங்கள். ஒரு அலகில் அப்படிப்பட்ட சொற்கள் பெரும்பாலும் முப்பது நாற்பதுக்கு மேல் இருப்பதில்லை. மீதியெல்லாம் திரும்பத் திரும்ப வரும் சாதாரண வினைச்சொற்கள்தான். விடை எழுதும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து என்று சிறியதாக எழுதுங்கள். நீளமான ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கி நடுவில் சிக்கிக்கொள்பவரைவிட, குட்டி வாக்கியங்களில் சரியாகச் சொல்பவருக்கே மதிப்பெண் விழுகிறது.

ஆசிரியரிடம் கேட்பது

கல்லூரியில் நம் பிள்ளைகளுக்கு மிகவும் கடினமாக இருப்பது இதுதான் என்பது என் எண்ணம். எதிர்த்துக் கேட்பது போல் ஆகிவிடுமோ, சக மாணவர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சத்தில் மூன்றாண்டுகளை வாய் திறக்காமல் கழிப்பவர்கள் உண்டு. கூச்சத்தை ஒரேயடியாக விட வேண்டியதில்லை. கேள்வியைத் தயார் செய்துகொண்டு போனால் அது தானே குறையும். “சார், ஒண்ணுமே புரியல” என்று நின்றால் ஆசிரியரால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல முடியாது. “சார், அழுத்தம் கூடினா வினை வலப்பக்கம் நகரும்னு சொன்னீங்க. மூலக்கூறு எண்ணிக்கை குறையுற பக்கம் போகுதுங்கற வரைக்கும் புரியுது. ரெண்டு பக்கமும் சமமா இருந்தா என்ன ஆகும்?” என்று கேட்டால், இரண்டு நிமிடத்தில் விடை கிடைக்கும், உங்கள் முகமும் அவருக்கு நினைவிருக்கும். வகுப்பில் கேட்க முடியாவிட்டால், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது தாழ்வாரத்தில் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் பழைய வினாத்தாள்களையும் ரெக்கார்டு எழுதும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்ற அவர்களுடைய யோசனையை மட்டும் கேட்காதீர்கள்.

நாட்கணக்கும் காசுக்கணக்கும்

தேர்வெழுதப் பொதுவாக 75 விழுக்காடு வருகை வேண்டும். பருவத்துக்கு 90 வேலைநாள் என்றால், 22 நாள் வரை விடுப்பு எடுக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. அந்த 22 நாளும் காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்குமே சரியாகப் போய்விடும். ஆகவே மழை பெய்கிறது, பஸ் போய்விட்டது என்ற காரணங்களுக்கு அதில் கை வைக்காதீர்கள். எடுத்த விடுப்பை நாட்காட்டியில் நீங்களே குறித்துவாருங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பணம் உங்கள் வங்கிக் கணக்கில் நேரடியாக ஏறும் என்பதால், கணக்கும் ஆதாரும் சரியாக இணைந்திருக்கிறதா என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். தேர்வுக் கட்டணத்துக்கு என்று அதில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது நல்லது. கட்டணத்துக்குக் கடைசி நாள் வரும்போது வீட்டில் கேட்கத் தயங்கி, அபராதத்தோடு கட்டுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

தேர்வு அறையிலும் அதன் பிறகும்

75 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்றால், மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் வீதம் 150 நிமிடம் எழுதுவதற்குப் போக, 30 நிமிடம் மிஞ்சும். அதில் பத்து நிமிடத்தை வினாத்தாளை முழுதாகப் படித்து எதை எழுதுவது என்று முடிவு செய்யவும், மீதியைத் திருப்பிப் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு வினாவுக்கு ஆறு பக்கம் எழுதிவிட்டு, கடைசி இரண்டு வினாக்களைத் தொடாமல் வருவதுதான் நல்ல மாணவர்களுக்கு நேரும் விபத்து. வீட்டில் ஒரு முறையாவது கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றை முழுதாக எழுதிப் பாருங்கள். முந்தைய இரவு விடிய விடியக் கண்விழிக்க வேண்டாம். பகலில் படித்ததை மூளை பதித்து வைப்பது தூக்கத்தில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தாள் போய்விட்டால், முடிவு வந்த வாரத்திலேயே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வழியிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கான நாட்கள் மிகக் குறைவாகவே இருக்கும். நகல் கிடைத்தால் மதிப்பெண் கூட்டலைச் சரிபார்ப்பதோடு நிறுத்திவிடாமல், எந்த வினாவில் எந்த வரியோடு பேனா நின்றது என்று பாருங்கள். கணிதத் தாளை நான் மறுபடி எழுதியபோது, நின்றுபோன அந்த இரண்டாவது வரியிலிருந்துதான் படிக்கத் தொடங்கினேன்.