நடாமலே காடு வளர்ப்பது எப்படி: சென்னைப் புறநகர் நிலங்களுக்கான வழிமுறை

சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் மழைக்காலம் நெருங்கினால் குழி வெட்டி மரக்கன்று நடும் விழாக்கள் தொடங்கிவிடும். அடுத்த சித்திரை வெயிலில் அந்தக் குழிகளைப் போய்ப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் பெரும்பாலான தரிசு நிலங்களில் வேரும் விதையும் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கின்றன. அவை எழுந்து வராதபடி தடுப்பவற்றை விலக்கினால் போதும் என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

இப்பகுதிக்கு உரியது சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுவதால், மற்ற மாதங்களின் வறட்சியைத் தாங்கும் தடித்த இலைகளைக் கொண்ட வீரை, உலக்கைப்பாலை, காயா, காட்டெலுமிச்சை போன்றவையே இங்கு நிலைத்தன. உயரம் குறைந்த, மெதுவாக வளரும் மரங்கள் இவை. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டிக் காட்டை ஒருமுறை சுற்றி வந்தால், எதை மீட்க முயல்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வேலையை நிலத்தில் தொடங்குவதற்கு முன் வரைபடத்தில் தொடங்க வேண்டும். இங்குள்ள ஊர்கள் ஏரிச் சங்கிலிகளால் கோக்கப்பட்டவை. ஒன்றின் கலங்கலில் வழியும் நீர் அடுத்ததன் வரத்துக் கால்வாயில் சேரும். எனவே மேட்டு நிலம், மேய்ச்சல் நிலம், வயல், ஏரி ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் குறித்து, எங்கே காடு வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஏரிக்கு நீர் தரும் குன்றுச் சரிவுகளும் கால்வாய்க் கரைகளும் காட்டுக்கு ஏற்றவை. ஏரியின் உட்பகுதியும் சதுப்பும் அப்படியல்ல. 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மதிப்பு அதன் திறந்த நீர்ப்பரப்பிலும் கோரைகளிலும் இருக்கிறது, மர நிழலில் அல்ல. புல் மட்டுமே நிற்கும் இடமெல்லாம் பாழ்நிலம் என்று நினைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்.

நிலம் யாருடையது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு செடியைக்கூடத் தொடக் கூடாது. மேய்க்கால் புறம்போக்கு என்றால், ஆடு மாடு வளர்ப்போரைக் கூட்டிப் பேசாமல் வேலி போடாதீர்கள். போட்ட வேலி ஒரு மாதத்தில் பிரிக்கப்பட்டுவிடும், அதில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நிலத்தை மூன்று, நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் சில ஆண்டுகளுக்கு மேய்ச்சலின்றி விடுவது, அங்கே வளரும் புல்லை அறுத்து எடுத்துச் செல்ல அவர்களையே அனுமதிப்பது என்ற உடன்பாடு பெரும்பாலும் நிலைக்கிறது. இதைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்வது நல்லது.

அடுத்தது கணக்கெடுப்பு. ஆவணி, புரட்டாசியில் சில மழை பெய்தபின், குனிந்து பார்த்தபடி நிலம் முழுவதும் நடக்க வேண்டும். பத்தடிச் சதுரங்களாகக் கயிறு கட்டி, ஒவ்வொன்றிலும் உள்ள நாட்டு மர, புதர் நாற்றுகளை எண்ணுங்கள். முட்புதரின் அடியில்தான் முதலில் தேட வேண்டும். கிளையில் வந்தமரும் சின்னானும் குயிலும் எச்சமிட்ட இடத்தில் வேம்பு, சூரை, காரை ஆகியவற்றின் நாற்றுகள் நெருக்கமாக முளைத்திருக்கும்; ஆட்டின் வாய் எட்டாததால் அவை தப்பித்திருக்கும். அடிக்கடி கடிபட்ட களாச் செடி ஒரு சாண் உயரத்தில் குட்டையாக நின்றாலும், அதன் தண்டின் அடிப்பகுதி விரல் தடிமனுக்கு இருந்தால், வேர் பல ஆண்டு பழையது என்று பொருள். மேய்ச்சல் நின்றால் அது வேகமாக எழும். பெரும்பாலான சதுரங்களில் இத்தகைய நாற்று ஒன்றிரண்டாவது இருந்தால், அங்கே நடவே வேண்டாம் என்பது என் கருத்து. கண்டவற்றின் அருகில் குச்சி நட்டு வண்ணத் துணி கட்டுங்கள். இல்லையென்றால் களையெடுப்பவர் கைக்கே அவை முதலில் பலியாகும்.

சீமைக் கருவேலத்தை அகற்றுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பொக்லைன் வைத்து ஒரே நாளில் வழித்துவிட்டால், மண்ணிலிருந்த நாட்டு வேர்களும் விதைகளும் சேர்ந்தே போய்விடும். வெறுமையான மண்ணில் மறுபடியும் முதலில் முளைப்பது சீமைக் கருவேலமாகத்தான் இருக்கும். குறியிட்ட நாற்றுகளைச் சுற்றியுள்ளவற்றை மட்டும் முதலாண்டில் எடுங்கள். தரையோடு வெட்டினால் அது பல கிளைகளாகத் துளிர்க்கும். ஓரடி ஆழம் தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். மாடுகள் அதன் காய்களைத் தின்று சாணத்தின் வழியே விதையைப் பரப்புவதால், காய் பழுக்குமுன் செய்வது உத்தமம். விறகையும் கரியையும் விற்ற பணம் காவலாளின் கூலிக்கு ஆகும். லான்டனா எனப்படும் மற்றொரு அந்நியப் புதரான உண்ணிச்செடியை மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரோடு வெட்டி, வேர்ப்பகுதி வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடும்.

நாற்றைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குக் களையெடுத்து, எடுத்த களையையே மூடாக்காகப் போடுங்கள். உயரமான புல்லை அறுப்பதைவிடப் பலகையால் மிதித்துச் சாய்ப்பது மேல். அறுத்த புல் இரட்டிப்பாகத் துளிர்க்கும், சாய்ந்த புல் தன்னையே மூடிக்கொள்ளும். வெட்டுப்பட்ட அடிமரத்தில் கொத்தாகத் துளிர்த்திருந்தால், திடமான இரண்டை விட்டு மற்றவற்றைக் கழித்துவிடலாம். பறவைகள் வந்தமர மரமே இல்லாத வெட்டவெளியில் காய்ந்த கிளைகளையோ மூங்கில்களையோ நட்டு வைத்தால், விதை போடும் வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

தீ ஒரே கோடையில் எல்லா உழைப்பையும் அழித்துவிடும். தை முடிவதற்குள் எல்லையைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை அமையுங்கள். புறநகரில் பெரும்பாலான தீ சாலையோரக் குப்பையைக் கொளுத்துவதால் பரவுகிறது. ஆகவே சாலைப் பக்கத்துப் பாதையை இரு மடங்கு அகலமாக்குவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, தாய்மரமே அருகில் இல்லாததால் தாமாக வர இயலாத வீரை, உலக்கைப்பாலை, காயா போன்றவற்றை மட்டும் நடலாம். இவற்றின் விதையைச் சேமித்து வைக்காமல் பழுத்தவுடன் சேகரித்து நாற்றங்காலில் விதைத்து, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஏற்கெனவே எழுந்துள்ள புதர்களின் அரை நிழலில் நட வேண்டும். பனங்கொட்டையை நேரடியாகவே கால்வாய்க் கரையில் ஊன்றலாம். குறுகிய மாநகரத் துண்டு நிலங்களில், பல வகைக் கன்றுகளை மிக நெருக்கமாக நடும் மியாவாக்கி முறைக்கு இடமிருக்கலாம். ஒரு குன்றுச் சரிவு முழுவதற்கும் அந்தச் செலவு தேவையற்றது.

ஆண்டுக்கு இருமுறை, தை மாதத்திலும் புரட்டாசியிலும், ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் புகைப்படம் எடுத்து, அதே சதுரங்களை மறுபடி எண்ணுங்கள். நாற்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டி ஆட்டுக்கு எட்டாத நிலைக்கு வந்த பகுதியை மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டு, அடுத்த பகுதியை அடைக்கலாம். எந்தப் பகுதியை எப்போது திறப்பது என்பதை அந்த எண்ணிக்கையை மேய்ப்பவர்கள் முன்னிலையில் படித்துக் காட்டி அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.